கூட்டாளி நாட்டைப் பத்தி ஒண்ணுமே தெரியலன்னா அவங்களுக்குக் கோபம் வருமா? கனடா பக்கம் இருக்கறவங்க சொல்லுங்க

பொருநைக்கரை (கேள்வி):

வணக்கம். போட்டித் தேர்வுக்குப் படிச்சிட்டிருக்கேன். எங்க பயிற்சி மையத்துல உலக நடப்பு வகுப்புல ஒரு வாக்குவாதம் வந்துச்சு, டீக்கடை வரைக்கும் நீண்டு இன்னும் முடியல.

2002ல நேஷனல் ஜியாகிரபிக் அமைப்பு எடுத்த ஒரு ஆய்வை ஆசிரியர் சொன்னார். 18 முதல் 24 வயது வரை உள்ள அமெரிக்க இளைஞர்கள்கிட்ட உலக வரைபடத்தைக் கொடுத்துக் கேட்டிருக்காங்க. நூத்துக்குப் பதினோரு பேருக்குச் சொந்த நாட்டையே காட்டத் தெரியல. ஆப்கானிஸ்தானைச் சரியா காட்டினது 17 பேர்தான். அப்போ அவங்க ராணுவம் அங்கதான் சண்டை போட்டுக்கிட்டு இருந்தது.

பேச்சு அப்படியே கனடா பக்கம் போச்சு. ரெண்டு நாடும் 1949ல நேட்டோ ராணுவக் கூட்டணியை ஆரம்பிச்சவங்க. 1958லிருந்து நோராட்ங்கற கூட்டு வான்பாதுகாப்பு. இவ்வளவு நெருக்கமா இருந்தும் கனடாக்காரங்க இப்போ இவ்வளவு கோபமா இருக்காங்களே, ஏன்? காரணம் கனடா சரக்கு மேல அமெரிக்கா போட்ட வரிதான், வரைபடம் தெரியாததெல்லாம் சும்மா சிரிச்சிட்டுப் போற விஷயம்னு நான் சொன்னேன். என் நண்பன் ஒத்துக்கவே இல்ல. அங்க வாழறவங்க யாராவது இருந்தா விளக்கமா சொல்லுங்களேன்.

---

கோவை_ஏற்றுமதி:

நீங்க சொல்றதுதான் சரி. எஃகு, அலுமினியம், கார், மரம். காசு விஷயம்னா அண்ணன் தம்பியே பேச்சுவார்த்தை இல்லாம போயிடறாங்க. வரியை எடுத்தா ஆறு மாசத்துல பழையபடி ஆயிடும்.

---

401_சாரதி:

தம்பி, நான் ஸ்காபரோவில இருக்கிறன். இருபது வருசத்துக்கு மேல ரக் ஓடுறன். கூடுதலா மிச்சிகன், ஒஹாயோ, இந்தியானா பக்கம். கார் உதிரிப்பாகம் ஏத்துவன், சில மாதங்கள் லீமிங்டன் கண்ணாடித் தோட்டங்களில இருந்து தக்காளி.

வரி வந்த பிறகு லோட் குறைஞ்சது உண்மை, எங்கட சனத்தில கனபேருக்கு வேலையும் போச்சு. ஆனால் இந்தக் கோவம் வரியோட தொடங்கினதில்லை. மரத்துக்காக இரண்டு நாடும் 1982இல இருந்து வழக்காடுது. அதுக்காக ஒருத்தரும் ஹொக்கி அரங்கில எழும்பி நிண்டு அமெரிக்கத் தேசிய கீதத்துக்குக் கூக்காட்டினதை நான் காணேல்லை. 2025 பெப்ரவரியில காட்டினவை. அடுத்த மாதம் ஒன்ராறியோ அரசாங்க மதுக்கடையளில அமெரிக்கப் போத்தல் எல்லாத்தையும் தட்டில இருந்து இறக்கினவை. கனடாவை அமெரிக்காவின்ர "51ஆவது மாநிலம்" ஆக்கவேணும் எண்ட டிரம்ப்பின்ர கதை வராமல் வரி மட்டும் வந்திருந்தால் இது நடந்திராது.

வரைபடம் தெரியாததைப் பற்றிச் சொல்லுறன். விண்ட்சரில அம்பாசடர் பாலத்தில ஏறினால் ரக் வடக்குப் பார்த்துத்தான் டெட்ரோயிட்டுக்குப் போகும். அந்த இடத்தில அமெரிக்கா எங்களுக்கு வடக்க கிடக்குது. இதை ஒஹாயோவில சாமான் இறக்கிற பெடியளுக்குச் சொன்னால் நம்பமாட்டினம், போனை எடுத்துப் பார்ப்பினம். ஜூலை மாதத்தில "அங்க பனி கரைஞ்சிட்டுதா" எண்டு கேட்பினம். கேட்கிறவை நல்ல சனம், குளிருக்குள்ள நிண்டால் உள்ளுக்குக் கூப்பிட்டுக் கோப்பி தருவினம். அதில எனக்கு ஒருநாளும் கோவம் வந்ததில்லை. 2000ஆம் ஆண்டு தேர்தல் நேரம் ஒரு நகைச்சுவைக்காரர் புஷ்ஷிட்டப் போய், கனடாப் பிரதமர் "ஷான் பூட்டின்" உங்களை ஆதரிக்கிறார் எண்டு சொல்ல, அவரும் நம்பி நன்றி சொன்னவர். பூட்டின் எண்டது இஞ்ச விக்கிற உருளைக்கிழங்குச் சாப்பாடு. நாடே சிரிச்சது. அதுவும் கோவம் இல்லை.

கோவம் வாறது வேற இடத்தில. ஒருக்கா ஒஹாயோவில ஒரு களஞ்சியத்தில பத்திரத்தில கையெழுத்து வைக்கிற மனுசன் என்னைக் கேட்டவர்: "உங்களிட்ட ராணுவம் எண்டு ஒண்டு இருக்கா? நாங்கள்தானே உங்களையும் சேர்த்துக் காக்கிறம்?" குத்திக் கதைக்கிற ஆள் இல்லை, உண்மையாவே தெரியாமல் கேட்டவர். அதுக்குக் கொஞ்ச நாளைக்கு முதல்தான் நான் 401 நெடுஞ்சாலையில அந்தச் சவ ஊர்வலத்தைக் கண்டனான்.

ஆப்கானிஸ்தானில செத்த கனடா ராணுவத்தினரின்ர உடல் ட்ரென்டன் விமானத் தளத்துக்கு வரும். அங்கயிருந்து 401 நெடுஞ்சாலை வழியா ரொறன்ரோவுக்கு மரண விசாரணைக்குக் கொண்டு போவினம், 170 கிலோமீற்றர் மட்டில. ஒருத்தரும் கூப்பிடாமல் சனம் தானாப் பாலங்களில வந்து நிக்கத் தொடங்கினது. 2007இல அரசாங்கம் அந்தத் துண்டுக்கு "வீரர்களின் நெடுஞ்சாலை" எண்டு பேர் வைச்சது. நான் கண்டது ஒரு பின்னேரம், வேலை முடிஞ்சு சனம் வீட்ட போற நேரம். பாலத்துக்கு மேல தீயணைப்பு வண்டி ஒண்டு நிக்குது, அதுக்கு மேல ஏறி நாலைஞ்சு பேர் சலூட் அடிச்சபடி. பக்கத்தில பழைய யுத்தத்துக்குப் போன கிழவர்கள், தொப்பியும் பதக்கமும். வேலிக் கம்பியில கொடி கட்டிக் கிடக்குது. ஒரு தகப்பன் பிள்ளையைத் தோளில தூக்கி வைச்சிருக்கிறார். முன்னுக்குப் பொலிஸ், பிறகு கறுத்தப் பிணவண்டி, பிறகு குடும்பத்தாக்களின்ர நீட்டுக் கார். அந்தக் காரின்ர கண்ணாடியை இறக்கி ஒரு பொம்பிளையின்ர கை வெளியால வந்து பாலத்தில நிண்ட சனத்துக்கு அசைச்சது. நான் ரக்கை ஓரத்தில விட்டிட்டு இறங்கி நிண்டனான். எனக்கு முன்னுக்கு மூண்டு ரக் அப்பிடியே நிண்டது. யுத்தத்தில பிள்ளையைக் குடுத்த தாய்மாரை நாங்கள் ஊரில கண்டு வந்த சனம், எனக்கு அதை ஒருத்தரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆப்கானிஸ்தானில மொத்தம் 158 பேர் செத்தவை. 40,000 பேருக்கு மேல போய் வந்தவை. கந்தகார் மாகாணம், பஞ்ச்வாய், சண்டை கடுமையான இடம். அமெரிக்காவுக்கு அடி விழுந்ததுக்காகத்தான் போனவை. நேட்டோ ஒப்பந்தத்தின்ர ஐந்தாவது பிரிவு, ஒருத்தருக்கு அடிச்சால் எல்லாருக்கும் அடிச்சது எண்டது, சரித்திரத்திலயே ஒருக்காத்தான் எடுக்கப்பட்டது. அது அமெரிக்காவுக்காக.

செப்டம்பர் 11 அண்டைக்கு என்ன நடந்தது எண்டும் பாருங்கோ. அமெரிக்க வான்வெளியை மூடினவுடன 200க்கு மேற்பட்ட விமானங்களைக் கனடா இறக்கினது. நியூபவுண்லாந்தில கேண்டர் எண்ட சின்ன ஊர், பத்தாயிரம் சனமும் இல்லை. அங்க மட்டும் 38 விமானம், 6,600 பேர் மட்டில. பள்ளிக்கூட பஸ் ஓட்டுறவை அப்ப வேலைநிறுத்தத்தில நிண்டவை, பதாகையைப் போட்டிட்டு வந்து பஸ்ஸை எடுத்தவை. வந்த சாப்பாட்டை வைக்க இடமில்லாமல் ஐஸ் ஹொக்கி அரங்கையே குளிர்சாதனப் பெட்டியா ஆக்கினவை. செப்டம்பர் 14 ஒட்டாவாவில நாடாளுமன்றத்துக்கு முன்னால ஒரு லட்சம் சனம் மட்டில அஞ்சலிக்கு வந்தது. செத்தவையில 24 பேர் கனடாக்காரர்.

ஆறு நாள் கழிச்சு, செப்டம்பர் 20, புஷ் அமெரிக்க நாடாளுமன்றத்தில பேசினவர். லண்டனுக்கு நன்றி, பாரிசுக்கு, பெர்லினுக்கு நன்றி, சியோல் பிள்ளையளுக்கு, கெய்ரோப் பள்ளிவாசலுக்கு நன்றி. ஆஸ்திரேலியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா எல்லாம் வந்தது. கனடா எண்ட பேர் வரேல்லை. இஞ்ச சனம் ரிவிக்கு முன்னால இருந்து அந்தப் பேருக்காகக் காத்துக்கொண்டு இருந்தது.

2002 ஏப்ரலில கந்தகாருக்குக் கிட்ட டார்னாக் பண்ணை எண்ட இடத்தில எங்கட படை இரவுப் பயிற்சி செய்து கொண்டிருந்தது. மேல பறந்த அமெரிக்க எஃப்-16 விமானி தங்களை நோக்கிச் சுடுகினம் எண்டு நினைச்சு 500 இறாத்தல் குண்டைப் போட்டார். நாலு பேர் செத்தவை, எட்டுப் பேருக்குக் காயம். கொரிய யுத்தத்துக்குப் பிறகு சண்டைக் களத்தில செத்த முதல் கனடா வீரர்கள் அவை. விமானிக்குக் கடைசியில கிடைச்சது ஒரு கண்டனமும் 5,700 டொலர் மட்டில தண்டமும். இவ்வளவு நடந்தும் கனடா படையைத் திருப்பிக் கூப்பிடேல்லை, 2006இல கந்தகாரையே பொறுப்பெடுத்தது.

இதெல்லாம் அந்த ஒஹாயோ மனுசனுக்குத் தெரிஞ்சிருக்கவேணும் எண்டு நான் கேட்கேல்லை. ஆனால் 2009இல அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் நபொலிட்டானோ, எல்லையை ஏன் இறுக்கிறீங்கள் எண்டதுக்குச் செப்டம்பர் 11 ஆக்கள் கனடாவால வந்த மாதிரிக் கதைச்சவா. பத்தொன்பது பேரில ஒருத்தனும் கனடாவால வரேல்லை, எல்லாரும் அமெரிக்க விசாவில நேராப் போய் இறங்கினவங்கள். அமைச்சர் பிறகு திருத்திச் சொன்னவா. அந்தக் கிழமையே செனட்டர் மக்கெய்ன் எழும்பி அதே பிழையைத் திருப்பிச் சொன்னார். அதே வருசம் மார்ச்சில ஃபொக்ஸ் தொலைக்காட்சியில இருந்து கொண்டு கனடா ராணுவத்தைப் பகிடி பண்ணினவை. அந்த நாள்களிலதான் ஒரே நாளில நாலு பேர் கந்தகாரில செத்தவை. எங்கட பாதுகாப்பு அமைச்சர் மன்னிப்புக் கேட்கச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டி வந்தது.

தெரியாத சனத்துக்கு முன்னால நிண்டால் தலைவர்மார் என்னவும் சொல்லலாம், பிழை எண்டு ஒருத்தரும் கேட்கமாட்டினம். வரைபடம் தெரியாதது சின்ன விசயம் இல்லை எண்டு நான் சொல்லுறது அதாலதான். உங்கட சிநேகிதன் சொன்னது சரி.

---

உறையூர்_டீச்சர்:

401_சாரதி ஐயா எழுதியதைப் படித்து மனசு கனத்துப் போயிற்று. ஆனாலும் இருபத்தெட்டு வருடம் புவியியல் நடத்தியவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அந்த 2002 ஆய்வு ஒன்பது நாடுகளில் நடந்தது. ஸ்வீடன் முதலிடம். அமெரிக்கா கடைசிக்கு முந்தைய இடம், மெக்சிகோ கடைசி. கனடாவும் அதில் உண்டு, அதுவும் முன்வரிசையில் இல்லை. பெரிய நாட்டைப் பற்றிப் பக்கத்துச் சின்ன நாட்டுக்கு எல்லாம் தெரியும், பெரிய நாட்டுக்குச் சின்ன நாடு தெரியாது. இது அமெரிக்கர்களின் தனிக் குணம் இல்லை. நம் பிள்ளைகளிடம் பூட்டானையோ மாலத்தீவையோ வெற்று வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள், தெரியும்.

இருந்தாலும் "சும்மா சிரிச்சிட்டுப் போற விஷயம்" என்று தம்பி எழுதியதை நான் ஏற்க மாட்டேன். 2014இல் ரஷ்யா கிரீமியாவைப் பிடித்த சமயம் மூன்று அரசியல் அறிவியல் ஆய்வாளர்கள் 2,066 அமெரிக்கர்களிடம் உக்ரைனை வரைபடத்தில் குறிக்கச் சொன்னார்கள். ஆறு பேரில் ஒருவர்தான் சரியாகக் குறித்தார். இதைவிட முக்கியமான முடிவு ஒன்று உண்டு: குறி எவ்வளவு தூரம் தள்ளி விழுந்ததோ, அந்த அளவுக்கு அந்த நபர் ராணுவத்தை அனுப்பச் சொல்லும் பக்கம் சாய்ந்தார். அறியாமைக்கும் போர் விருப்பத்துக்கும் தொடர்பு இருக்கிறது என்பதை வகுப்பில் இதை வைத்துத்தான் சொல்லுவேன்.

மேல்மட்டத்திலும் இதே கதைதான். 1945 ஆகஸ்ட்டில் கொரியாவை எங்கே பிரிப்பது என்று முடிவெடுக்க வாஷிங்டனில் இரண்டு ராணுவ அதிகாரிகளுக்கு அரைமணி நேரம் கொடுத்தார்கள். ஒருவர் டீன் ரஸ்க், பின்னாளில் வெளியுறவு அமைச்சர் ஆனவர். கையில் இருந்தது ஒரு நேஷனல் ஜியாகிரபிக் வரைபடம். 38ஆம் அட்சக்கோடு சியோலுக்கு வடக்கே போகிறது, தலைநகர் நம் பக்கம் வரும், அது போதும் என்று கோட்டைப் போட்டார்கள். எந்தக் கொரியரையும் கேட்கவில்லை. அமெரிக்காவின் நெருங்கிய ராணுவக் கூட்டாளியான தென்கொரியாவில் இன்றைக்கும் வயதானவர்கள் அந்த அரைமணி நேரத்தை மறக்கவில்லை.

---

யூட்லாந்துக்_கரை:

401 அண்ணை, உங்கட கதையை வாசிக்க டென்மார்க்கை எழுதின மாதிரியே இருக்கு. நான் ஹேர்னிங் பக்கம் இருக்கிறன், முதியோர் இல்லத்தில வேலை.

டென்மார்க்கில அப்ப 55 லட்சம் சனம்தான். ஆப்கானிஸ்தானில 43 பேரைப் பறிகுடுத்தது. சனத்தொகைக்குப் பார்த்தால் அமெரிக்காவின்ர இழப்புக்குக் கிட்டத்தட்ட சமன். நிண்ட இடம் ஹெல்மண்டு மாகாணம், பிரித்தானியப் படையோட. எங்கட இல்லத்தில ஒரு ஆண் தாதி படையில சேர்ந்து ஹெல்மண்டில கெரெஷ்க் எண்ட ஊரில இருந்தவர், அதைப் பற்றி வாயே திறக்கமாட்டார். 2025 மார்ச்சில அமெரிக்க உபஜனாதிபதி வான்ஸ் கிறீன்லாந்தில பிட்டுஃபிக் தளத்தில நிண்டு, டென்மார்க் கிறீன்லாந்தை ஒழுங்காப் பார்க்கேல்லை எண்டு பேசினவர். அண்டைக்குச் சாப்பாட்டு அறையில அந்தத் தாதி கோப்பையை வைச்சிட்டு, "நாங்கள் என்னத்துக்குப் போனனாங்கள்" எண்டு மட்டும் கேட்டவர். 1951 ஒப்பந்தத்தால அந்தத் தளத்தை அமெரிக்காவுக்குக் குடுத்ததே டென்மார்க்தான். அதுக்காக 1953இல அங்க வாழ்ந்த இனுகுயிட் சனத்தைச் சில நாள் தவணையில கிளப்பி வடக்க கானாக்குக்கு அனுப்பினவை. அந்தப் பாவம் டென்மார்க்கின்ர கணக்கில கிடக்குது, அதையும் மறைக்கக் கூடாது.

2026 ஜனவரியில டிரம்ப், நேட்டோக் கூட்டாளியள் ஆப்கானிஸ்தானில முன்வரிசைக்குக் கொஞ்சம் பின்னுக்குத்தான் நிண்டவை எண்டு சொன்னதோட இஞ்ச மிச்சமிருந்த பொறுமையும் போச்சு. 457 பேரைக் குடுத்த பிரித்தானியாவும் கொதிச்சது.

---

பொருநைக்கரை:

எல்லாருக்கும் நன்றி. டீச்சர், அந்த உக்ரைன் ஆய்வைக் குறிச்சு வச்சுக்கிட்டேன். 401 அண்ணா, இன்னும் ரெண்டு கேள்வி. அமெரிக்கா-கனடா எல்லையே வெறும் செயற்கைக் கோடுதான்னு டிரம்ப் சொன்னதாப் படிச்சேன், அதுல ஏன் இவ்வளவு கொந்தளிப்பு? அப்புறம், இந்தக் கோபம் அமெரிக்க மக்கள் மேலயா, ஆட்சி மேலயா?

---

401_சாரதி:

தம்பி, கோடு எண்டதில பொய் இல்லை. 1818 ஒப்பந்தத்தில 49ஆம் அட்சக்கோட்டை எல்லையா வைச்சவை, 1846இல அதைப் பசிபிக் கரைமட்டும் நீட்டினவை. பூர்வகுடிச் சனத்திட்ட ஒருத்தரும் கேட்கேல்லை, டீச்சர் சொன்ன கொரியாக் கதைதான் இதுவும். ஆனால் மேற்குப் பக்கத்து எல்லைதான் அந்த நேர்கோடு. நான் கடக்கிற எல்லை ஆறும் ஏரியும். கோட்டைக் கீறினவைக்கும் இப்ப அதை அழிக்க நினைக்கிறவைக்கும் நடுவில இருநூறு வருசம் சனம் வாழ்ந்திருக்கு, தங்களுக்கெண்டு ஒரு நாட்டைக் கட்டியிருக்கு. இரண்டாவது உலக யுத்தத்துக்குக் கனடா 1939 செப்டம்பரிலயே இறங்கினது, அமெரிக்கா வர இரண்டு வருசத்துக்கு மேல முந்தி. 45,000 பேர் செத்தவை. அதைத் தெரிஞ்ச மனுசன் "கோடுதானே" எண்டு சொல்லமாட்டான்.

2018இல எஃகு வரி போட்டபோதும் காரணமாச் சொன்னது "தேசியப் பாதுகாப்பு". அதாவது கனடாவின்ர இரும்பு அமெரிக்காவுக்கு ஆபத்தாம். வரியைவிட அந்தக் காரணம்தான் இஞ்ச குத்தினது. கூடச் சண்டை பிடிச்சுச் செத்த கனடாக்காரருக்கு இது அவமதிப்பு எண்டு ட்ரூடோ அண்டைக்கே சொன்னவர்.

கோவை ஐயாவுக்கு: வரியை நாளைக்கே எடுக்கட்டும், ரக் எல்லாம் திரும்ப ஓடும். சனம் மறக்காது.

சனத்திலயா ஆட்சியிலயா எண்டால், என்னால சனத்தைக் கோவிக்க ஏலாது. போன குளிருக்கு இந்தியானாவில லோட் இறக்கக் காத்திருக்கேக்க, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற மனுசன் என்ர ரக்கில ஒன்ராறியோ நம்பர்த் தகட்டைக் கண்டிட்டு வந்து கதைச்சவர். கந்தகாரில இருந்தவராம். மசூம் கர் எண்ட கனடா முகாமைப் பேரோட சொன்னார். அங்க கனடாப் பெடியள் தன்ர ஆக்களுக்கு உதவிக்கு வந்த இரவைப் பற்றி, சாமான் முழுக்க இறங்கி முடியுமட்டும் கதைச்சுக் கொண்டிருந்தார். இப்ப நடக்கிறதுக்காக அவர்தான் வெட்கப்பட்டவர். அவருக்கு வரைபடம் வடிவாத் தெரியும், நடந்து பழகின மண்.

புஷ்ஷும் 2004 டிசம்பரில ஹலிஃபக்சுக்கு நேர வந்து கேண்டர் சனம் உட்பட எல்லாருக்கும் நன்றி சொன்னவர். மூண்டு வருசம் பிந்தினாலும் சொன்னதைச் சொல்லவேணும். அந்த பூட்டின் கதையையும் தானே எடுத்துச் சொல்லிச் சிரிச்சவர்.

உங்கட வகுப்புக்கு ஒண்டு கேட்கிறன். அடுத்தமுறை ஆசிரியர் ஆப்கானிஸ்தானை எடுத்தால், கந்தகாரையும் ஹெல்மண்டையும் உருஸ்கானையும் காட்டச் சொல்லி, எந்த இடத்தில எந்த நாட்டுப் படை நிண்டது எண்டும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கோ. உருஸ்கானில நெதர்லாந்து, செத்தவை 25 பேர். ஹெல்மண்டில பிரித்தானியாவோடயும் டென்மார்க்கோடயும் எஸ்தோனியா, 13 லட்சம் சனமுள்ள நாடு, செத்தவை 9 பேர். நேட்டோவில இல்லாத ஜோர்ஜியாவும் ஹெல்மண்டுக்கு வந்து மொத்தம் 30க்கு மேல பறிகுடுத்தது. டீச்சருக்கு நேரம் இருந்தால் அந்த மூண்டு மாகாணத்துக்கும் ஒரு வெற்றுப் படம் கீறி இதில போட்டுவிடுங்கோ, என்ர பேரப்பிள்ளைக்கும் குடுக்கலாம்.